ஏழாவது படம்

திங்கட்கிழமை, பத்தேகால்.
குரங்கு வந்தது ஜன்னல் வழியாக.
மெர்பேங்கில் இதெல்லாம் ஒரு செய்தியே இல்லை,
சாப்பாட்டு டப்பாக்களை எண்ணிப் பார்ப்போம், அவ்வளவுதான்.
அன்று அது ரொட்டியைத் தொடவில்லை.
சுவரில் ஒட்டியிருந்த ஏழு படங்களில்
கடைசிப் படத்தைச் சர்ரென்று பிய்த்துக்கொண்டு
கூரையேறிவிட்டது.

பையை மாட்டு. பாயில் உட்கார். களிமண்.
கழிப்பறை. சாப்பாடு. மணல்தொட்டி. வீடு.
ஏழு படத்துக்குள் ஒரு நாளைக் கட்டி வைத்திருந்தோம்
த்ரிஷேனுக்காக.
ஒவ்வொன்றும் முடிந்ததும் அவனே பிய்த்து
முடிந்தது டப்பாவில் போடுவான்.
வெல்க்ரோ பிரியும் அந்தச் சத்தம் அவனுக்குப் பிடிக்கும்.
எங்கள் சத்தங்களில் அது ஒன்றுதான் பிடிக்குமோ என்று
சில நாள் தோன்றும்.

மணல்தொட்டி முடிந்தது. ஒரு மணி.
கம்பிக் கதவுக்கு வெளியே அவன் அம்மா,
இரண்டு மணி ஷிப்டுக்கு உடுத்திக்கொண்டு,
எஞ்சினை அணைக்காமல்.
எல்லாரும் பையைத் தோளில் போட
இவன் மட்டும் சுவரெதிரே நின்றான்.
படம் இல்லை.
நாள் முடியவில்லை,
எப்படிப் போவது?

சீரியல் பெட்டியைக் கிழித்து அதன் பின்புறம் வரைந்தேன்:
ஒரு கூரை, ஒரு கதவு, புகைபோக்கிகூட.
(அவர்கள் இருப்பது ஃபிளாட்டில், மூன்றாம் மாடி.)
பார்த்தான். திருப்பித் தந்தான்.
அவன் குரல் ஏறத் தொடங்கிய நேரம் பார்த்து
எண்ணெய் ஆலையின் சங்கும் ஊதியது.

ஆங்கிலத்தில் சொன்னேன்,
என் அரைகுறைத் தமிழில் சொன்னேன்,
மறுபடி ஆங்கிலத்தில்.
மிஸ் ரங்கசாமி விளக்கை அணைத்துவிட்டு
"யாரும் பேசாதீங்க" என்றார்.
பேசிக்கொண்டிருந்தது நான்தான்.

பிறகு லுவாண்ட்லே. ஐந்தே முக்கால் வயது.
பல் விழுந்த இடத்தை நாக்கால் துழாவிக்கொண்டே
ஏழாவது படத்தின் இடத்தில் போய் நின்றாள்,
முதுகு சுவரோடு ஒட்ட,
இரண்டு கைகளையும் தலைக்கு மேல் சாய்த்து
விரல் நுனியில் சேர்த்து.
கூரை.

அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.
முழங்கையைப் பார்த்தான், வெகுநேரம்.
அதன் மேல் ஒரு விரல் வைத்தான்.
"சர்ர்ர்" என்றாள் அவள், வாயாலேயே.
சுவரிலிருந்து பிரிந்து நடந்து
டப்பாவுக்குள் ஒரு காலை வைத்து நின்றாள்.
அவன் பையை எடுத்தான்.

செவ்வாய், புதன், வியாழன்
ஒரு மணிக்கு லுவாண்ட்லேதான் வீடு.
வெள்ளிக்கிழமை அவளுக்குச் சளி, வரவில்லை.
அந்த வெள்ளியைப் பற்றி எழுதப்போவதில்லை.

அடுத்த திங்கள் புதிய அட்டை, பிளாஸ்டிக் உறையோடு.
இந்த முறை அவர்கள் மாடியின் நிஜப் புகைப்படம்,
பால்கனியில் காயும் நீலத் துண்டு உட்பட.
வாங்கினான். முகர்ந்து பார்த்தான்.
சுவர்ப் பக்கமே போகாமல்
பாயில் உட்கார்ந்திருந்த லுவாண்ட்லேயின்
கம்பளிச் சட்டைக் கையில் அழுத்தி ஒட்டினான்.

அவள் அதோடு வீட்டுக்குப் போய்விட்டாள்.
நாங்கள் இன்னொன்று வெட்டிக்கொண்டிருக்கிறோம்.