ஏழாவது சனல்

லாங்கந்தாலில் ஞாயிறு பின்னேரம் இரண்டு மணிக்குத்தான்
மண்டபம் எங்களுக்கு.
அவர்களுடைய காலை ஆராதனையின் கோப்பி வாசனை
இன்னும் போயிருக்காது.
ஏஷ்லிமன் திறப்பைத் தந்துவிட்டுச்
சுவரில் மாட்டிய சின்னக் கருவியைக் காட்டுவார்.
எண்பத்தைந்தில் அவரே ஒட்டிய சிவப்பு நாடா.
அதைத் தாண்டினால் எதிர்வீட்டுக்காரி கடிதம் எழுதுவாள்.
"உங்கள் கடவுளுக்குக் காது மந்தமா?" என்று
ஒருமுறை கேட்டார், சிரித்துக்கொண்டுதான்.
அந்தக் கேள்வி இரண்டு கிழமை
என்னோடு பிஸ்கட் தொழிற்சாலைக்கு வந்து போனது.

நான் பாடுகிறவன் அல்ல.
கடைசி வரிசைக்கும் பின்னால்
வயர்களுக்கு நடுவே மிக்சரோடு இருக்கிறவன்.
"கரங்களை உயர்த்துங்கள்" என்பார் பாஸ்டர்.
நாற்பது சோடிக் கைகள் எழும்பும்,
சலவைத் தூளில் தோல் உரிந்தவை,
நேற்றிரவு முதியோர் இல்லத்தில்
யாரையோ புரட்டிப் படுக்கவைத்தவை.
என்னுடையவை மட்டும் கீழே.
விரல் நுனியால் இரண்டு கட்டைகளை
அரை அங்குலம் மேலே தள்ளுவேன்.
என் உயர்த்தல் அவ்வளவுதான்.

ஹெட்போனில் ஒவ்வொருவரையும் தனியே கேட்கலாம்.
மூன்றில் மெர்சலின் அக்கா,
உச்சத்துக்குப் போகையில் அரைச் சுருதி கீழே.
ஐந்தில் பாஸ்டர்,
மணியைப் பார்த்துவிட்டு விடும் பெருமூச்சு.
ஆறில் வரிகள் தெரியாத ஒரு பெடியன்,
"ஆ" மட்டும் நல்லாய் வரும்.
ஏழில் செல்வறூபி.

பெப்ரவரியில் அவள் பெற்ற பிள்ளை அழவில்லை.
அதன்பிறகு அவளும் பாடவில்லை.
ஆனாலும் ஹுட்விலில் ரயிலேறி வருவாள்,
ஈரக் குடையை வாசலில் சாய்ப்பாள்,
தன் மைக்குக்கு முன்னால்
கடைசிப் பாட்டு வரை வாய் மூடி நிற்பாள்.
"பாடாத ஆளுக்கு மைக் எதற்கு?" என்றது கமிட்டி.
ஏழை எடுத்தால் மற்றவற்றில் இரைச்சல் வரும் என்றேன்.
ஆராதனை மண்டபத்துக்குள் ஒரு பொய்.

ஏழில் வருவது மூச்சு மட்டும்.
சில நாளில் உள்ளே போனது
வெளியே வர நேரமாகும்.
நானும் அடக்கிக்கொண்டு இருப்பேன்.

துதி என்றால் மாலை போடுவது என்று நினைத்திருந்தேன்,
மந்திரிக்குப் போடுகிற மாதிரி.
அவர் கழுத்தைக் குனிவார், கேட்டது கிடைக்கும்.
வானத்தைச் செய்தவருக்கு
எங்கள் கீபோர்டும் கைதட்டும் எந்த மூலைக்கு
என்று மா பிசையும் இயந்திரத்தடியில் நின்று
கேட்டுப் பார்த்தேன்.
பதில் வரவில்லை. பிஸ்கட்தான் வந்தது.

நவம்பரில் ஒரு ஞாயிறு
யாரோ தேநீர்க் கேத்தலை எங்கள் பிளக்கில் செருக
எல்லாம் போயிற்று,
விளக்கு, கீபோர்ட், பாஸ்டரின் வாயில் பாதிச் சொல்.
ஹெட்போனைக் கழற்றினேன்.
பாட்டு ஒவ்வொரு வாயாக அணைந்தது.

அப்போது முன்னாலிருந்து, மைக் இல்லாமல்,
"ஏன்?"

கேட்டது அவள்.
யாரை என்று எல்லோருக்கும் தெரியும்.
பாஸ்டர் வசனம் எடுத்துவிடுவார் என்று பயந்தேன்.
எடுக்கவில்லை.
அதற்காக அவரை இன்றும் மதிக்கிறேன்.
யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.
சபைக் கணக்கைப் பார்க்கும் ஜெபநாயகம்,
எதற்குமே வாய் திறக்காத மனுஷன்,
"ஆமென்" என்றார்.
ஒரு கேள்விக்கு ஆமென்.

ஏஷ்லிமன் டோர்ச்சோடு வந்தார்.
பியூஸைத் தேடுமுன், பழக்கதோஷம்,
கருவிக்கு வெளிச்சம் அடித்தார்.
அது பற்றரியில் ஓடுவது.
முப்பத்திநான்கு.
எங்கள் பாஷையில் ஒரு சொல்லும் தெரியாதவர்
தொப்பியைக் கழற்றிக்கொண்டு
கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

அடுத்த ஞாயிறும் அவள் பாடவில்லை.
அதற்கடுத்ததும்.
குடை, வாசல், மைக்.
"கரங்களை உயர்த்துங்கள்" என்றார் பாஸ்டர்.
ஏழை
ஒரு மயிரிழை உயர்த்தினேன்.