மஸ்டரிங்

கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்குப் பின்னால் என் ஸ்டூடியோ.
போர்டில் பாதி தமிழ், பாதி மலையாளம்.
இரண்டிலும் ஜெசிந்தாவுக்கு எழுத்துப்பிழை.

மாசாணன் வந்து உட்கார்ந்தார்.
முப்பத்தோரு வருஷம் தென்னையில் கள் இறக்கிய கை;
ரேகைக் கருவி அதைக் கையென்றே ஒப்புக்கொள்ளவில்லை.
பாளையைத் தட்டித் தட்டி, சீவிச் சீவி
விரல்நுனியெல்லாம் கழுவிய ஸ்லேட்டு.
முகத்தைக் காட்டி மஸ்டரிங் பண்ணாவிட்டால்
பென்ஷன் நின்றுவிடும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

செல்போனை நீட்டினேன்.
திரையில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் அவர்.
'கண்ணைச் சிமிட்டவும்.'

சிமிட்டவில்லை.
நெஞ்சை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்து,
தாடையை ஒரு நெல்லளவு இறக்கி உட்கார்ந்திருந்தார்.
கள்ளுத் தொழிலாளர் கார்டுக்கு
எண்பத்தெட்டில் நான் உட்காரவைத்த அதே உட்கார்வு.
"சிமிட்டுங்கண்ணா."
"நீதானே அம்மிணி, சிமிட்டினா கொன்னுருவேன்னே?"

சொன்னேன்தான்.
ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு முகம்.
எவராவது இமைத்தால் அன்றைய லாபம் போச்சு.
கண் மூடினவர்களை வெட்டி
ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவைப்பேன்.
கிரகணத்தன்று தெருப் பிள்ளைகள் வந்து நின்றார்கள்.
ஆளுக்கு இரண்டு கொடுத்தேன், ஒன்றன்மேல் ஒன்றாக.
ஊரில் பாதிப் பேரின் மூடிய இமை வழியே
சூரியனைப் பார்த்துக் கத்தினார்கள்.
மாசாணனின் முதல் படமும் அதில் போயிற்று.
இந்தப் போனைக் கேட்டால்
பாட்டிலில் கிடந்தவர்கள்தாம் உயிரோடிருந்தவர்கள்.
நான் பிரேம் போட்டுக் கொடுத்த மற்ற அத்தனை பேரும்,
வேண்டாம், வாயால் சொல்வானேன்.

'உறுதிப்படவில்லை. மீண்டும் முயலவும்.'
மூன்றாம் தரமும் அதே சிவப்பு எழுத்து.
வெளியே சிமென்ட் லாரி ஒன்று திரும்பியது.
கணவாய்க் காற்று,
காயப்போட்ட ஈரப் பிலிமிலெல்லாம் மண்ணைத் தூவி
என்னை அழவைத்த அதே சனியன்,
கதவைத் தள்ளிக்கொண்டு வந்து அவர் முகத்தில் அறைந்தது.
இமை பதறியது, இரண்டு தரம்.
பச்சை டிக்.

"முடிஞ்சுதுங்கண்ணா. இருக்கறீங்களாம்."
மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு எழுந்தார்.
"படம் எப்ப வாங்கிக்கலாம்?"
"இதுல படமெல்லாம் வராதுங்க."
"அப்பறம் என்னத்துக்குப் புடிச்சே?"

பழைய ஸ்டூலை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்தேன்.
துடைத்தேன். உட்காருங்க என்றேன்.
உட்கார்ந்தவர்
சட்டைக் காலரைச் சரிபண்ணிக்கொண்டு கேட்டார்:
"சிமிட்டோணுமா, வேண்டாமா?"