எழாத ஈ

ராயபுரம் கண் ஆஸ்பத்திரியில்
கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு
ஒரு படத்தை நீட்டினார்கள். பெரிய ஈ.
"றெக்கையைக் கிள்ளுங்க."
என் விரல் தாளில் போய் முட்டியது.

அடுத்து வந்த சிறுமி
காற்றில் கிள்ளினாள்,
ச்சீ என்று கையை உதறினாள்.

காசிமேட்டுக்காரன் நான்.
ஈ பார்க்காதவனா?
இந்த ஒன்றுதான்
எனக்கு எழுந்திருக்கவில்லை.

இடது, சோம்பேறிக் கண்ணாம்.
கண்ணில் பழுதில்லை, என்றார் டாக்டர்.
அது அனுப்பியதையெல்லாம்
சின்ன வயசிலேயே
மூளை வாங்காமல் விட்டுவிட்டது.
ஒரு கண்ணில் வெண்ணெய்
ஒரு கண்ணில் சுண்ணாம்பு:
வெறும் சொலவடை என்றல்லவா இருந்தேன்.

அப்போ அதெல்லாம் இதனாலா?
டம்ளருக்கு வெளியே ஊற்றிய டீ.
வியாசர்பாடி கிரவுண்டில்
கைக்கு வருமுன் மூக்குக்கு வந்த பந்து.
"கோல்கீப்பராம், தூங்குமூஞ்சி."
கேரம்போர்டில் மட்டும்
என்னை எவனும் ஜெயித்ததில்லை.
அங்கே எல்லாமே தட்டை.

ஹார்பர் டிரெய்லர் வேலைக்குத்
தகுதியில்லை என்று எழுதிய தாள்
சட்டைப் பையில் இருக்க,
கல்மண்டபம் பஸ் ஸ்டாப்பில்
வலது கண்ணைப் பொத்திக்கொண்டேன்.
விளக்குகள் கரைந்து ஓடின.
முப்பத்துநாலு வருஷம்
ஒரே வீட்டில் தனி அடுப்பு மூட்டி
யாரும் தொடாத சோற்றை
வடித்துக்கொண்டே இருந்திருக்கிறது இது.

ஏதோ ஒரு பஸ் வந்து நின்றது.
"நம்பர் இன்னாடா?" என்றான் சவரி.
"இரு. இது படிக்கட்டும்."

பஸ் போய்விட்டது.