ஒன்பதாம் கேள்வி

நைவாஷா ஏரிக்கரை, ரோஜாப் பண்ணை.
போன மாதம் மட்டும்
பதினேழு பேர் சொல்லாமல் நின்றுவிட்டார்கள்.
மேலிடத்துக்குக் காரணம் வேண்டும்,
சாப்பாட்டு நேரத்தில் படிவம் நீட்டினேன்.

"அடுத்த ஆண்டும் இங்கிருப்பீர்களா?"

செரோட்டிச் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்,
முள் தைத்து வீங்கிய விரல்களால்.

தொப்பி கொடுத்திருக்கிறோம். கேக் வெட்டியிருக்கிறோம்.
நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று
பெயின்ட் அடித்திருக்கிறோம், கழிவறைச் சுவர்வரை.

அவள் எழுதினாள்:
விடிகாலை வண்டியில் நஃபூலா
எனக்கு ஜன்னலோரம் இடம் போட்டு வைப்பாள்.
அவள் வரும்வரை நானும் வருவேன்.

கணினியில் இதற்குக் கட்டமில்லை.
சம்பளம், மேற்பார்வையாளர், பதவி உயர்வு...
'மற்றவை'யில் போட்டேன்.

அடுத்த தாள் நஃபூலாவுடையது.
இல்லை என்று எழுதி,
அடித்து,
பக்கத்திலேயே மறுபடி
இல்லை.