நாலு ஏழு, நாலு பன்னிரண்டு

நிறைமதி,
நீ பிறந்த நாளுக்கு என்னிடம் இரண்டு தாள்கள்.
ஒன்று முத்திரையோடு உன் அம்மாவின் அலமாரியில்.
மற்றது என் வேனில், டேஷ்போர்டுக்குள்,
ஸ்க்ரூடிரைவர்களுக்கு அடியில்.
வண்டி நிறுத்தக் குற்றத்துக்கான சம்மன்.
முப்பது வெள்ளி.
சூட்டில் அச்சான தாள், வருஷா வருஷம் வெளுக்கிறது.
நேரத்தின் மேல் மட்டும்
பேனாவால் எழுதிவைத்திருக்கிறேன்.

பதினோரு வருஷம்.
தோசை மாவுக்கும் சம்பலுக்கும் நடுவே
குளிர்பெட்டியில் படுத்திருந்தன ஊசிகள்.
குழாய் முறுக்கும் இந்தக் கையால்தான் போட்டேன்.
பூங்கோதை சுவரைப் பார்த்துக்கொண்டு
நாளைக்கு என்ன சமைப்பது என்று பேசுவாள்.
மூன்று வரை எண்ணுவதாகச் சொல்லி
இரண்டிலேயே குத்திவிடுவேன்.
ஒவ்வொரு முறையும் தெரியாதவள் மாதிரி
ஏமாந்துபோவாள்.

சீனப் புத்தாண்டுக்கு முதலாளி ஆ ஹெங்
இரண்டு ஆரஞ்சு தருவார்.
கூடுதலாக ஓர் அங்பாவ் அவர் கையில் இருக்கும்.
என் முகத்தைப் பார்ப்பார்.
சட்டைப்பையிலேயே போட்டுக்கொள்வார்.

உனக்கு முன் இருவர் கிளம்பி வந்து
பாதி வழியில் திரும்பிவிட்டார்கள்.
அவர்களைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.
பழைய மெடிசேவ் அறிக்கைகளில்
தேதியாக இருக்கிறார்கள்.

அன்று பூன் கெங்கில் ஒரு வீட்டு அடுக்களைக் குழாய்.
தொலைபேசி வந்தபோது பாதி கழற்றியிருந்தேன்.
அந்த வீட்டு மக்சிக் வாளியைப் பிடித்துக்கொண்டு
"பெர்கி, பெர்கி" என்று விரட்டினார்.
கேகே மருத்துவமனை வாசலில் வண்டி வரிசை.
பக்கத்து வீவக புளோக்கில் வேனைச் செருகினேன்.
கூப்பனில்
மாதம் கிழித்தேன், நாள் கிழித்தேன், மணி கிழித்தேன்,
நிமிடத்தில் கை நடுங்கி
பக்கத்து நிமிடமும் சேர்ந்து கிழிந்தது.
இன்னொன்று எடுத்தேன்.

மூன்றரைக்குக் கூப்பன் முடியும்.
மூன்றரைக்கு உன் அம்மா
என் மணிக்கட்டைப் பிடித்தாள்.
விடவில்லை.
தாதி ரோஸ்னா என் முழங்கையில் ஒட்டியிருந்த
காகிதத் துணுக்கை எடுத்துப் பார்த்து
"இது என்ன?" என்றார்.
"முப்பது" என்றேன்.
வேறெதுவும் சொல்லத் தோன்றவில்லை.

நாலு ஏழுக்கு நீ வந்தாய்.
சத்தமில்லை.

டாக்டர் சியா பேச்சை நிறுத்தினார்.
உன்னை ஒரு விளக்கின் கீழே கொண்டுபோனார்கள்.
அதன் பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள்,
நீலத் துணி போட்ட முதுகுகள்.
"ஏன் அழல?" என்றாள் பூங்கோதை.
"அழுவா" என்றேன்.
குழாயில் காற்று அடைத்துக்கொண்டால்
தண்ணீருக்கு முன்னால் ஓர் இருமல் வரும்.
காதை வைத்து அதற்குக் காத்திருப்பது என் தொழில்.
அப்படித்தான் நின்றேன்.
சுவரில் காது வைத்தவன் மாதிரி,
மூச்சு விடாமல்.

கீழே மழை.
குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு
ஒரு சம்மன் ஆன்ட்டி
என் வண்டி எண்ணைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.
நாலு பன்னிரண்டு என்கிறது தாள்.
நாலு பன்னிரண்டுக்குத்தான் அந்த இருமல் கேட்டது.
பிறகு நீ.
மாடி முழுக்க நீ.

அதே நிமிடம்தானா?
நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.
அப்படித்தான் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

காரணம் சொல்லி எழுதிக்கொடு,
ரத்து செய்வார்கள் என்றார் ஆ ஹெங்.
எழுதவில்லை.
புளோக்குக்குக் கீழே ஏஎக்ஸ்எஸ் இயந்திரத்தில்
அபராதம் கட்டிவிட்டு
பின்னால் நின்றவரிடம் ரசீதைக் காட்டினேன்.
"மகள்" என்றேன்.
பாவம், அவர் தண்ணீர்க் கட்டணம் கட்ட வந்தவர்.

இப்போது கூப்பன் இல்லை.
என் கைப்பேசியை வாங்கி நீதான் பார்க்கிங் போடுகிறாய்.
பதினாலு வயசு விரல், என்ன வேகம்!
"எவ்வளவு நேரம்பா?"
"அஞ்சு நிமிஷம்."
"அஞ்செல்லாம் போட முடியாது. அரை மணிதான் குறைஞ்சது."
"சரி, போடு."
"அஞ்சு நிமிஷத்துல என்னப்பா செய்யப்போறீங்க?"

ஒன்றுமில்லை.
நீ இருமினால் மட்டும்
நான் வண்டியை ஓரம் கட்டுவதை
இன்னும் நீ கவனிக்கவில்லை.