இடது முதுகு

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வருவார் ஆவுடையப்பன்.
நயினார்குளம் மார்க்கெட்டில் கூலி பிரிக்கிற நேரம் அது.
இப்போது அவருக்கு அங்கே பங்கில்லை.

சட்டையைக் கழற்றினால்
இடது அக்குளுக்குப் பின்னே ஒரு பள்ளம்,
நாள்பட்ட மூட்டையை நகர்த்தியதும் தெரிகிற தரைபோல்.
அங்கே கிடந்த சதையை
விலாவின் ஓட்டை வழியே உள்ளே கொண்டுபோய்
இதயத்தைச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள்,
இடுப்புத் துண்டை இறுக்குவதுபோல.

ஜெல் தடவுவேன்.
"ஐஸால்லா வச்சிருக்கிய" என்பார், வாராவாரம்.

திரையில் இரண்டு பேர்.
பிறந்ததிலிருந்து நிற்காதவன் ஒருவன்,
சொன்னால் மட்டும் தூக்குகிறவன் இன்னொருவன்.
சொல்வதற்கு வயிற்றுத் தோலுக்கடியில் ஒரு பெட்டி:
இரண்டு துடிப்புக்கு ஒரு இழுப்பு.

முதல் பதினைந்து நாள் சும்மா விட்டோம்.
பிறகு ஒரு தட்டு, இரண்டு தட்டு, வாரக்கணக்கில் பழக்கம்.
"பின்ன? புதுப் பயலுக்கு
மொத நாளே வெங்காய மூட்டயா ஏத்துவாவ?"

பங்குனியில் ஒன்று பார்த்தேன்.
பெட்டி சொல்கிறது; சதை பிந்திச் சுருங்குகிறது.
விட வேண்டிய நேரத்தில் விடாமல்
பிடித்துக்கொண்டே நிற்கிறது.
நிரம்ப இடமில்லாமல் இதயம் அதற்குள் திணறுகிறது.
போன மாத அளவின் பக்கத்தில்
இந்த மாத அளவை எழுதினேன்.
எழுதியதை இன்னொரு தரம் அளந்தேன்.

தாளை வாங்கி மடியில் விரித்தார்.
"இவன் அசந்துட்டான்."
விரல் சரியாக அந்த வளைவில்.

எப்படித் தெரியும் என்றேன்.

"நாப்பது வருசம் எம் பொறத்தால கெடந்தவன்லா.
ராத்திரியும் தூக்கச் சொல்லுதியளோ?"

சொல்கிறோம்.
ராத்திரியும். அவர் சோறு தின்னும்போதும்.

"எங்க சங்கத்துக்குத் தெரிஞ்சா
ஆஸ்பத்திரி வாசல்ல கொடி நட்டிருவானுவ."

டாக்டர் ரொட்ரிகோ சிரிக்கவில்லை.
தாளை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தார்.
வெளியே முருகன்குறிச்சி பஸ்ஸுக்கு யாரோ ஓடினார்கள்.
பிறகு கிறுக்கலாக எழுதினார்:
இரவு பத்திலிருந்து நிறுத்தம்.

கருவியை வயிற்றின் மேல் வைத்து
நேரத்தைப் பதித்தேன்.
தூங்குகிற பிள்ளையைத் தாண்டுகிறவர்போல்
மூச்சைப் பிடித்துக் கிடந்தார்.

"மறுபடி எப்பம் எழுப்புவிய?"
"காலை நாலுக்கு."
"நாலா." ஒற்றைக் கையால் பொத்தான் போட்டார்.
"லாரி வார நேரம்லா."

அடுத்த செவ்வாய் வளைவு கொஞ்சம் தேறியிருந்தது.
அளவுகோலின் பிழைக்குள் அடங்குகிற கொஞ்சம்.
அவரிடம் சொல்லவில்லை.

நாலு மணிக்கு எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது இப்போது.
சமாதானபுரம் முக்கில் ஏதோ ஒரு லாரி
கியர் மாற்றும்.