மூன்றாம் ஜன்னல்

எந்த வருஷம் என்று கேட்டேன்.
தெரியாது என்றார்.
பனி வாசற்கதவை அடைத்துக்கொண்ட குளிர்காலம்,
அப்பா சமையலறை ஜன்னல் ஏறிக் குதித்துப் போனார்,
அவ்வளவுதான் தெரியும்.

வடக்கு டகோட்டாவில்
பனி கதவை அடைக்காத குளிர்காலம் எது?

தேடுவதற்கு வருஷத்துக்குப் பத்து டாலர்.
கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும்
காசு தேடலுக்குத்தான்.
எழுபத்தாறிலிருந்து எழுபத்தொன்பது வரை என்று
நாற்பது டாலரை எண்ணி வைத்தார்.
பீட்கிழங்கு லாரி ஓட்டுகிறவர்.
நகக்கண்ணில் இருந்த மண்
நோட்டிலும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

ஆறு ஒருமுறை உள்ளே வந்து போனதிலிருந்து
எங்கள் குடும்பநலக் கட்டுகளெல்லாம்
மூடிப்போன செருப்புக்கடையின் கிடங்கில் கிடக்கின்றன.
அலமாரிகளில் இன்னும் பழைய அளவுச்சீட்டுகள்:
விவாகரத்துகள் எட்டரையில் ஆரம்பிக்கும்,
ஜீவனாம்சப் பாக்கிகள் பதினொன்றில்.
தத்தெடுப்பு, குழந்தைகள் வரிசையில்.
யாரும் திட்டமிட்டு அடுக்கவில்லை.
அப்படி அமைந்துவிட்டது.

புதன்கிழமை மட்டும்தான் அங்கே போவேன்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியும்
ஸ்கோக்லண்ட் இல்லை.
'பதிவு இல்லை' என்றொரு ரப்பர் முத்திரை வைத்திருக்கிறேன்.
குத்திவிட்டால் வேலை முடிந்தது.
பையிலிருந்து எடுக்கவும் எடுத்தேன்.

ஆனால் அந்தக் காலத்தில் தட்டச்சு செய்த வெர்லாவுக்கு
இடது காது கேட்காது.
ஸ்கோக்லுண்ட் என்று பார்த்தேன்.
இருந்தது.
ஓர் உயிரெழுத்துக்குப் பின்னால்
நாற்பத்தேழு வருஷமாக ஒரு குடும்பம்.

நாற்காலி காட்டியும் உட்காரவில்லை ஆர்வில்.
நின்றபடியே படித்தார்.
பிக்கப் வண்டி ஹாரல்டுக்கு.
தையல் இயந்திரம் யூனிஸுக்கு.
உறைபெட்டியிலிருந்த அரை மாட்டுக்கு மட்டும்
இரண்டு வாய்தா.
அதைப் படித்து முதன்முறையாகச் சிரித்தார்.
நானும்.

பத்தொன்பதாம் பக்கம் இருக்கவேண்டிய இடத்தில்
பழுப்பு உறை, அரக்கு,
நீதிபதியின் சுருக்கொப்பம்.
'தனியறையில் சிறுவனிடம் விசாரித்தது.
உத்தரவின்றிப் பிரிக்கக் கூடாது.'

யார் இந்தச் சிறுவன்?
நீங்கள்தான்.
நான் சொன்னதை நான் படிக்கக் கூடாதா?
நீதிபதி அனுமதித்தால் படிக்கலாம் என்றேன்.
பலமுறை சொல்லிப் பழகிய வாக்கியம்.
அன்றைக்கு நாக்கில் மாவு மாதிரி ஒட்டியது.

பச்சைக் கம்பளம் ஞாபகமிருக்கிறது என்றார்.
ஒரு பெப்பர்மின்ட் கொடுத்தார்.
யாரோடு இருக்க இஷ்டம் என்று கேட்டார்.
அதற்கப்புறம் ஞாபகமில்லை.
அதற்கப்புறம் அப்பாவும் வரவில்லை.

மனுப் படிவத்தை நகர்த்தினேன்.
பெயர், வழக்கு எண், காரணம்.
நான்காவது கட்டம்:
'சிறுவனுக்கும் மனுதாரருக்கும் என்ன உறவு?'
தந்தை. தாய். பாதுகாவலர். வழக்கறிஞர். வேறு.

பேனா காற்றிலேயே நின்றது.
சட்ட ஆலோசனை சொல்ல எனக்கு அனுமதியில்லை,
ஜன்னலுக்கு மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறது.
கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில்
'வேறு' என்பதன் அருகே விரலை வைத்தேன்.
குறியிட்டார்.
பக்கத்துக் கோட்டில் என்ன எழுதினார் என்று
தலைகீழாய்க்கூட நான் படிக்கவில்லை.
மதியம் நான்கு இருபது என்று முத்திரை குத்தினேன்.

நகல், பக்கத்துக்கு ஐம்பது சென்ட்.
உறைக்குக் கட்டணமில்லை,
அது வெளியே போகாது.
கட்டில் திரும்ப வைக்கும்போது
கையில் ஏந்திக் கனம் பார்த்தேன்.
வெளிச்சத்தில் பிடிக்கவில்லை, கனம் மட்டும்தான்.
ஒரே தாள்.
ஆறு வயதில் எவ்வளவுதான் பேசியிருக்க முடியும்.

கதவுவரை போனவர் திரும்பி வந்தார்.
கிழங்கு அறுவடை முடிந்த பிறகு
தேதி கொடுப்பார்களா என்று கேட்டார்.